கிரிகோர் வாங்காத பலகாரத் தட்டு

1

நத்தாருக்கு மறுநாள் மட்டும் எனக்குச் சீனி வருத்தம் வருகிறது. வருடத்தின் மற்ற நாட்களில் இரண்டு கரண்டி சீனி போட்டுத்தான் தேநீர் குடிக்கிறேன். என் வைத்தியருக்கு இந்த நோயைப் பற்றி எதுவும் தெரியாது. மகளுக்கு மட்டும் தெரியும், அதுவும் நான் சொன்ன அளவுக்கு.

அன்றைக்குக் காலையில் தெருவின் எதிர்ப்பக்கத்து வீட்டிலிருந்து ஜெசிந்தா பலகாரத் தட்டு அனுப்புவாள். மன்னார்க்காரி, கிறிஸ்து பிறந்த நாளைக் கொண்டாடுகிறவள். முப்பது வருடத்துக்கு மேலாக அனுப்புகிறாள். பயற்றம் பணியாரம், கொக்கிஸ், ஒரு துண்டு ரிச் கேக், மேலே பின்னல் துணி. நான் தட்டை இரண்டு கையாலும் வாங்குவேன், நன்றி சொல்வேன், மேசையில் வைப்பேன். மற்றவர்கள் சாப்பிடுவார்கள்.

போன மார்கழியில் மகள் பேர்னிலிருந்து வந்திருந்தாள். காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவசரமாகப் பேசினால் என்னோடும் சுவிஸ் ஜெர்மனில்தான் பேசுவாள். பிறகு ஞாபகம் வந்து தமிழுக்குத் திரும்புவாள், மாடிப்படியில் திரும்பி இறங்குகிற மாதிரி.

"பப்பா, உங்கட ரத்தப் பரிசோதனைத் தாளை நான் பார்த்தனான். உங்களுக்குச் சீனி இல்லை" என்றாள்.

"மற்றவையின்ர மருத்துவத் தாளை அனுமதியில்லாமல் பார்க்கிறது இந்த நாட்டில குற்றம்" என்றேன்.

"கதையை மாத்தாதையுங்கோ."

கதையை மாற்றுவதில் எனக்கு நல்ல பயிற்சி. ஆனால் அவள் சொல்லிவிட்டுப் போனது மனதை விட்டுப் போகவில்லை. ஊரில் இருக்கிற நீங்கள், இங்கே நாங்கள் பனியில் நடந்து காசு பொறுக்குவதாக நினைக்கிறீர்கள். நாங்கள் வேறு சிலவற்றையும் செய்தோம். அதில் ஒன்றை எழுதுகிறேன்.

2

எண்பத்தொன்பதாம் ஆண்டு, லுட்சேர்னுக்குப் பக்கத்தில், எம்மன்புரூக்கேயில் இரும்பு வேலைத்தலத்துக்குப் பின்னால் ஒரு பழைய தொழிலாளர் விடுதியில் இருந்தோம். இப்போது இடித்துவிட்டார்கள். அகதி மனுப் போட்டவர்களுக்கான இருப்பிடம். எங்கள் சனம் அதைக் 'காம்ப்' என்று சொல்லும். இரண்டு மாடி, மாடிக்கு ஒரு குசினி, நடையில் ஒரு காசு போடுகிற தொலைபேசி, கீழே ஒரு பொது அறை, அதில் ஒரு தொலைக்காட்சி. எங்கள் ஆட்கள் இருபது பேரளவில். மிச்சம் ருமேனியா நாட்டிலிருந்து தப்பி வந்தவர்கள்.

அந்த நாட்டுக்காரர் என்றால் எல்லாரும் ஒன்று என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அங்கேயும் இரண்டு சாதிச் சனம். ஒன்று ருமேனிய மொழி பேசுகிற பழைய கிழக்குச் சபைக்காரர். மற்றது அங்கேயே பிறந்து வளர்ந்த ஹங்கேரிய மொழிக்காரர். அவர்கள் சீர்திருத்த சபை, சிலுவையில் யேசுவின் உருவம் கூட வைக்காத கோயில். இரண்டு பகுதியும் ஒரே குசினியில் வேறு வேறு நேரத்துக்குச் சமைத்தார்கள். எங்களுக்கு அது விளங்காமல் இல்லை.

அந்தக் காம்பில் எனக்கு ஒரு பதவி இருந்தது. ஊரில் ஒரு திணைக்களத்தின் யாழ்ப்பாணக் கிளையில் பிரதம எழுதுவினைஞராக இருந்தவன் நான். பகலில் ஒரு வைத்தியசாலைக் குசினியில் தட்டுக் கழுவினேன். பின்னேரம் குசினி மேசையில் இருந்து எல்லாருக்கும் படிவம் நிரப்பினேன். எந்த மனு எத்தனை நாளுக்குள், எத்தனை பிரதி, எந்த அலுவலகத்தின் எந்தக் கதவு, எந்தக் கதவில் தட்டிய பிறகுதான் எந்தக் கதவு என்று எனக்குத் தெரியும். ஜெர்மன் மொழியை நான் பேசிப் பழகவில்லை, படிவங்களைப் படித்துப் பழகினேன். அதனால் கடையில் போய்ப் பாண் கேட்டாலும் விண்ணப்பம் செய்கிற மாதிரித்தான் இருக்கும் என்று தர்மு பகிடி பண்ணுவான். தர்மு பருத்தித்துறைப் பக்கத்துப் பெடியன். வயது இருபத்தாறு. வாய் அறுபது. என்னைக் 'கிளாக்கர் அண்ணை' என்பான். அந்தப் பெயர்தான் காம்ப் முழுவதும் நின்றது.

நத்தாருக்கு மூன்று நாள் முந்தி கிரிகோர் என்னிடம் வந்தார். ருமேனியர். நாற்பது வயது, பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர், ஒருவரோடும் அதிகம் கதைக்காதவர். கையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் காணாமற்போனோர் படிவம். அவருடைய நாட்டின் மேற்கு நகரம் ஒன்றில் சனம் தெருவில் இறங்கி, படை சுட்டு, அந்தக் கிழமைதான் எல்லாம் தொடங்கியிருந்தது. அவருடைய தம்பி அந்த நகரத்தில். சுட்ட நாளிலிருந்து தகவல் இல்லை.

பெயர், பிறந்த தேதி, கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் எழுதினோம். 'சமயம்' என்ற கட்டத்தில் அவருடைய விரல் நின்றது.

"இதை எழுத வேண்டுமா?" என்று கேட்டார்.

"எழுதினால் நல்லது. எந்தக் கோயில் பதிவில் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும்."

அவர் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். தம்பி ஹங்கேரியப் பெண் ஒருத்தியைக் கலியாணம் செய்து அவளுடைய சபைக்கு மாறிவிட்டான். வீட்டில் தெரியாது. தாய்க்குத் தெரியவே கூடாது. சனம் கூடி நின்றதும் அந்தக் கோயில் வாசலில்தான்.

நான் பேனாவை மூடாமல் சொன்னேன்: "இந்த மேசையில் எழுதுவது இந்த மேசையை விட்டுப் போகாது. நான் இருபத்திரண்டு வருடம் கோப்பு வைத்திருந்தவன்."

அவர் தலையாட்டினார். எழுதினோம். அவர் போகும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த அழுத்தம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

3

ருமேனியாவை இருபது வருடத்துக்கு மேல் ஆண்ட மனிதரைப் பதவியிலிருந்து விரட்டி, பிடித்து, நத்தார் நாளில் ஒரு படைமுகாமில் விசாரித்து, அன்றே மனைவியோடு சேர்த்துச் சுட்டார்கள். மறுநாள் தொலைக்காட்சியில் காட்டினார்கள். காம்ப் முழுவதும் பொது அறையில். கதிரை போதாமல் நாங்கள் நிலத்தில்.

இரண்டு வயோதிபர். குளிர் அங்கி. முன்னால் பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரி ஒரு மேசை. விசாரணைக்கு முன் ஒரு வைத்தியர் வந்து அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். சுடப்படப்போகிறவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கிற நடைமுறையை நான் அன்றுதான் கண்டேன். நடைமுறைக்காரன் என்ற முறையில் எனக்கு அது விளங்கியது. பிறகு ஒரு சுவர். பிறகு நிலத்தில் முகங்கள்.

ஹங்கேரியப் பகுதி எழுந்து பாடியது. லாஸ்லோ என்ற பெருத்த மனிதர்தான் முன்னுக்கு. தச்சு வேலைக்காரர், உரத்த சத்தம், நல்ல மனம். அழுதுகொண்டே பாடினார். ருமேனியர் சிலர் கைதட்டினார்கள், சிலர் சிலுவை போட்டார்கள். கிரிகோர் பின்சுவரில் சாய்ந்து நின்று முகத்தைக் கையால் மூடி அழுதார்.

எங்கள் பக்கத்திலும் ஒரு வழக்கு எழும்பியது. ஜெசிந்தாவின் கணவன் அன்ரன் சொன்னான், "அவன் எப்பிடிப்பட்டவனா இருந்தாலும் பாலன் பிறந்த நாளில சுட்டது பாவம். ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்."

தர்மு விடவில்லை. "ஏன் காணும், நரகாசுரனை நாள் பார்த்தே கொன்றவை? கொன்ற நாள்தான் பிறகு நல்ல நாள்."

"உங்கட ஆக்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு அசுரன் வேணும்."

"உங்கட ஆக்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பாவம் வேணும்."

சிரித்தார்கள். அந்த நேரம் வரை சிரிக்கக்கூடியதாக இருந்தது.

வதந்திகள் அன்று பின்னேரமே வந்து சேர்ந்தன. சுட்டது அவரை அல்ல, அவரைப் போல ஒருவரை. உண்மையான ஆள் விமானத்தில் ஏறிவிட்டார். எங்கே போவார்? பணமுள்ளவர் போகிற இடத்துக்குத்தான், அதாவது இங்கே. குழாய்த் தண்ணீரில் அங்கே நஞ்சு கலந்துவிட்டார்களாம் என்று தொலைபேசியில் கேட்ட செய்தி, மாடிப்படி ஏறி மேல் குசினிக்கு வருவதற்குள் எம்மன்புரூக்கேத் தண்ணீரிலும் நஞ்சு என்று ஆகிவிட்டது. எங்கள் சனம் மூன்று நாள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தது. கொதிக்க வைத்தால் நஞ்சு போகாது என்று நான் சொன்னேன். "சும்மா குடிக்கிறதிலும் பார்க்க ஏதோ செய்து குடிக்கலாம், அண்ணை" என்றாள் ஜெசிந்தா.

எல்லாவற்றிலும் மோசமான வதந்தி இதுதான்: அந்த ஆளுடைய இரகசியப் பொலிசார் வெளிநாட்டுக் காம்புகளிலும் அகதி வேடத்தில் இருக்கிறார்கள்.

4

ஜெசிந்தாவுக்குத் தொலைக்காட்சியில் அக்கறை இல்லை. முதல்நாள் லுட்சேர்னில் பூசைக்குப் போய்வந்து சுட்டு முடிக்க முடியாமல் போன பலகாரத்தை அன்று மத்தியானம் முடித்தாள். எங்கள் ஊரில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், நத்தாருக்கு அயல் முழுவதும் தட்டு அனுப்புவார்கள். சைவ வீடு, வேத வீடு என்று பார்ப்பதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தட்டு மற்றப் பக்கம் போகும். அவளுக்குக் காம்ப்தான் அயல். கதவுக்கு ஒரு தட்டு. அத்தனை பீங்கான் இல்லாததால் தகர மூடி, கேக் பெட்டி எல்லாவற்றையும் தட்டாக்கினாள்.

சுவரின் முன்னால் விழுந்த முகங்களைப் பார்த்துவிட்டு சனம் அறைகளுக்குத் திரும்பி ஒரு மணித்தியாலம் இருக்காது. அந்த நேரம் பார்த்து அன்ரனும் தர்முவும் தட்டுகளோடு நடையில் இறங்கினார்கள்.

லாஸ்லோ கதவைத் திறந்தார். பணியாரத்தைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார். என்ன விசேஷம் என்று கேட்டார். அன்ரன் வாய் திறப்பதற்குள் தர்மு தன் உடைந்த ஜெர்மனில் விளக்கம் கொடுத்தான். கூடாத ராசா செத்தால் எங்கள் நாட்டில் பலகாரம் சுட்டு எல்லா வீட்டுக்கும் கொடுப்போம், பழைய வழக்கம், என்று. தீபாவளியைச் சொன்னான். கையில் இருந்தது நத்தார்ப் பலகாரம். லாஸ்லோவைச் சந்தோஷப்படுத்தப் பார்த்தான், அவ்வளவுதான். லாஸ்லோ இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சி, பிளம்ஸ் சாராயம் ஊற்றிக் கொடுத்து, "தமிழருக்கு விளங்குகிறது! எங்களை விளங்கியவர்கள் இவர்கள்தான்!" என்று நடையில் நின்று சத்தம் போட்டார்.

அடுத்த கதவு கிரிகோருடையது. அவர் தொலைபேசியடியிலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். அன்றும் இணைப்புக் கிடைக்கவில்லை. லாஸ்லோ சொன்னது எல்லாம் அவர் காதில் விழுந்தது. அன்ரன் தட்டை நீட்டினான்.

கிரிகோர் தட்டைப் பார்த்தார். "நன்றி. நான் வாங்க முடியாது" என்றார். கதவு மூடியது.

அவ்வளவுதான் நடந்தது. நான் நடையின் மறுமுனையில் நின்று பார்த்தேன்.

அன்ரன் குசினிக்கு வந்து தட்டைச் சத்தமாக வைத்தான். "உன்ர வாயால வந்த வினை, தர்மு. யேசுபாலன்ர பலகாரத்தைக் கொலைப் பலகாரம் ஆக்கிப்போட்டாய்."

"பகிடிக்குச் சொன்னதடாப்பா."

"உனக்குப் பகிடி. நாளைக்கு எங்கட பிள்ளையள் கேட்டா? சைவக்காரர் எங்கட நத்தாரை என்ன எண்டு நினைக்கினம் எண்டு இப்ப விளங்குது."

"இதுக்குள்ள சைவத்தை ஏன் இழுக்கிறாய்?"

"இழுத்தது நீ!"

அன்றிரவிலிருந்து எங்கள் குசினியிலும் இரண்டு சமையல் நேரம்.

5

இருபத்தேழாம் தேதி காலையில், கிரிகோர் பலகாரம் வாங்கவில்லை என்பது செய்தி. மத்தியானம், அவர் செத்தவருக்காக அழுதார் என்பது செய்தி. பின்னேரம், தினமும் தொலைபேசிக்குப் போய் ஒருவரோடும் பேசாமல் திரும்புகிறார், அது ஏதோ சமிக்ஞை என்பது செய்தி. மறுநாள் காலையில் அவருடைய கதவில் நூலில் கட்டிய ஒரு கடுதாசி மட்டை தொங்கியது. பெரிய எழுத்தில் ஒரே ஒரு ஜெர்மன் சொல்: ஒற்றன்.

அந்த எழுத்து எனக்குத் தெரியும். படிவத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அச்செழுத்தில் எழுதத் தர்முவுக்குப் பழக்கியவன் நான்.

மட்டையைக் கழற்றிக்கொண்டு அவனிடம் போனேன். கட்டிலில் கிடந்தான்.

"உது நீதானே?"

"லாஸ்லோ சொன்னவர், அண்ணை. எழுத்து வடிவா எழுதுவாய், எழுதித் தா எண்டு. பகிடிக்கு."

"ஆரின்ர கழுத்துக்கு எண்டு தெரியுமோ உது?"

"கழுத்தோ? கதவில எல்லோ கட்டினது?"

அவனுக்குக் கதவு தெரிந்தது. எனக்கு வேறொன்று தெரிந்தது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் யாழ்ப்பாண அலுவலகத்தில் சின்னராசா என்று ஒரு பியோன் இருந்தார். ஐம்பது வயது, கோப்புக் கட்டுவதில் கெட்டிக்காரர், கொஞ்சம் வாய் நீளம். ஒருநாள் பதினொரு மணிக்கு இரண்டு இயக்கப் பெடியள் சைக்கிளில் வந்தார்கள். என் மேசைக்கு முன்னால் நின்று மரியாதையாகக் கேட்டார்கள். "ஐயா, போன புதன்கிழமை சின்னராசா வேலைக்கு வந்தவரோ?"

ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை அவரை ஆமிக் காம்ப் வாசலில் கண்டதாக ஊரில் ஒரு கதை. புதன்கிழமை காலையிலிருந்து பின்னேரம் வரை அவர் என் கண் முன்னால் நிலத்தில் இருந்து பழைய கோப்புகளைக் கட்டினார். வரவுப் பதிவேடு என் முழங்கைக்குக் கீழே கிடந்தது. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து.

ஓம், வந்தவர் என்றால் போதும். ஆனால் ஓம் என்றால் அடுத்த கேள்வி, நீ ஏன் அவனுக்காகக் கதைக்கிறாய் என்பது. எனக்கும் ஒரு வீடு இருந்தது. நான் சொன்னேன்: "பதிவேட்டை வெளியாருக்குக் காட்டேலாது தம்பி. எழுத்தில கேளுங்கோ. மேலிடத்துக்கு அனுப்பிறன்."

ஒருவன் சிரித்தான். "எழுத்தில தாறம், ஐயா."

மூன்றாம் நாள் காலையில் சந்தியில் மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்ட சின்னராசா. கழுத்தில் மட்டை, தமிழில் அதே சொல்.

பிறகு அவருடைய மனைவி ஓய்வூதியப் பத்திரத்துக்கு வந்தார். வரவுச் சான்று வேண்டும். அன்றே, மேலிடத்துக்கு அனுப்பாமல், உண்மைப் பிரதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். புதன்கிழமையில் விரல் நின்றது. "அண்டைக்கு இவர் இங்கைதான் நிண்டவரோ, ஐயா?" என்றார். ஓம் என்றேன். அவர் தாளை மடித்துச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.

நான் ஊரை விட்டதற்கு இங்கே அகதி அலுவலகத்தில் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. இது மட்டும் அதில் இல்லை.

6

மட்டை தொங்கியதற்கு அடுத்த நாள் பின்னேரம் லாஸ்லோ பொது அறையில் கூட்டம் வைத்தார். கிரிகோரைக் காம்பிலிருந்து அகற்ற வேண்டும், அவருடைய அகதி மனுவை ஆராய வேண்டும் என்று வெளிநாட்டார் பொலிசுக்கு ஒரு முறைப்பாடு. நல்ல ஜெர்மனில் எழுத ஆள் வேண்டும். அதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஹங்கேரியர் எல்லாரும், ருமேனியத் தம்பதி ஒன்றும் வேறு இரண்டு மூன்று பேரும், எங்கள் சனமும் வந்திருந்தார்கள்.

அந்தத் தாள் என்ன செய்யும் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கோப்புக்குள் போன தாள் வெளியே வராது. உண்மையோ பொய்யோ, அடுத்த விசாரணையில் அதிலிருந்துதான் கேள்வி தொடங்கும். ஆட்சி விழுந்துவிட்டது, இனி ஊருக்குப் போகலாமே என்று எப்படியும் கேட்கப் போகிறார்கள். அதற்கு மேல் ஒற்றன் என்றும் இருந்தால், அவரை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இறங்குகிற இடத்தில் அந்தச் சொல் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

நான் என் ஆயுதத்தை எடுத்தேன். "முறைப்படி எழுதுவோம்" என்றேன். "ஒவ்வொருவரும் தன் பெயர், மனு இலக்கம், தன் கண்ணால் கண்டது என்ன, எந்த நாள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அநாமதேய முறைப்பாட்டை ஏற்க மாட்டார்கள்."

இதோடு கலைவார்கள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருட அனுபவத்தில் கையெழுத்து என்றதும் கலையாத கூட்டத்தை நான் கண்டதில்லை.

லாஸ்லோ கலையவில்லை. முன்னுக்கு வந்தார். "எழுதுங்கள். அவன் அழுததைக் கண்டேன். இனிப்பை மறுத்ததைக் கண்டேன். இது என் பெயர்" என்று சொல்லி, தச்சன் பலகையில் கோடு இழுப்பது போல அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அவர் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் நான்கு பேர். பிறகு தர்மு எழுந்தான்.

"டேய், இரு" என்றான் அன்ரன். "பலகாரம் வாங்காதவன் எல்லாம் ஒற்றன் எண்டா, போன தீபாவளிக்கு உன்ர முறுக்கை நான் வாங்கேல்லை. எனக்கும் ஒரு மட்டை எழுது."

"நீ பல்லுக்கொதி எண்டு வாங்கேல்லை."

"அந்தாளுக்கு என்ன கொதியோ, ஆர் கேட்டது?"

தர்மு என்னைப் பார்த்தான், லாஸ்லோவைப் பார்த்தான், போட்டுவிட்டான். லாஸ்லோ தாளை என் பக்கம் திருப்பினார். "எழுதியவர் என்று நீங்களும்."

பேனா என் கையில். மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்று இங்கேயும் சொல்லியிருக்கலாம். ஆனால் மேலிடத்துக்கு அனுப்புவதுதான் இங்கே கேட்கப்பட்டது.

நான் எழுந்தேன். என் குரல் அந்நியமாக இருந்தது என்று அன்ரன் பிறகு சொன்னான். "அவர் அழுதது செத்தவருக்காக அல்ல" என்றேன். "அவருடைய தம்பியைக் காணவில்லை. சுட்ட நாளிலிருந்து. நான்தான் படிவம் எழுதினேன்." பேனாவை மேசையில் வைத்தேன். "எங்கள் வழக்கத்தில் இழவு வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோக மாட்டோம். இழவு வீடோ இல்லையோ என்று அவருக்கே தெரியாத நேரத்தில் நாங்கள் கொண்டுபோனோம்." ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதோடு இருந்திருக்க வேண்டும். லாஸ்லோ முகம் இளகவில்லை. "யார் தம்பி? அந்த நகரம் என்னுடையது. தம்பி படையிலும் நின்றிருக்கலாமே, சுட்ட பக்கத்தில்?" என்றார்.

என்னால் நிறுத்த முடியவில்லை. கோப்பு முழுவதும் வாயில் வந்தது. தம்பியின் பெயரைச் சொன்னேன். நின்ற இடத்தைச் சொன்னேன். "உங்கள் கோயில் வாசலில்தான் நின்றார். உங்கள் சபைக்கு மாறியவர். உங்கள் சனத்துப் பெண்ணைக் கட்டியவர்."

லாஸ்லோ மெல்ல உட்கார்ந்தார். பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். "எனக்கு அவனைத் தெரியும்" என்றார். "கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருப்பான். பாட்டுத் தெரியாது, வாயசைப்பான்." தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

அப்போதுதான் ருமேனியத் தம்பதியின் முகங்களைப் பார்த்தேன். அவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவில் கிரிகோர், கையில் கேத்தலோடு. எப்போது வந்தார் என்று தெரியாது. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையிலிருந்து, தேவையான அளவுக்கு முன்னாலேயே வந்துவிட்டார் என்று தெரிந்தது.

7

முறைப்பாடு போகவில்லை. கிரிகோரின் கோப்பு சுத்தமாக இருந்தது. கதவில் பிறகு ஒருவரும் எதுவும் கட்டவில்லை. தர்மு அவருடைய அறை வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டான். அன்ரனிடம் கேட்க இன்னும் ஒரு வருடம் எடுத்தது.

புது வருடத்தோடு தொலைபேசி இணைப்புகள் திரும்பின. ருமேனியத் தம்பதி ஊருக்குப் பேசினார்கள். கிரிகோரின் ஊருக்கு அடுத்த ஊர் அவர்களுடையது.

பொங்கலுக்கு முதல் கிழமை கிரிகோர் என்னிடம் ஒரு படிவத்தோடு வந்தார். வில் நகரத்தில் உள்ள விடுதிக்கு மாறுவதற்கான விண்ணப்பம். தானே கேட்டிருந்தார். எல்லாக் கட்டத்தையும் தானே நிரப்பியிருந்தார். எந்தக் கதவில் கொடுப்பது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் போகவில்லை.

"அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது" என்றார். "எங்கள் கோயிலில் காணாமற்போனவர்களுக்காகப் பெயர் வாசித்துச் செபிக்கிறார்கள். அவன் பெயரை வாசிக்க வேண்டாம் என்று அம்மா பாதிரியாரிடம் சொல்லிவிட்டாளாம்."

நான் எழுந்து நின்றேன். "அந்தத் தாள் போயிருந்தால் உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்."

"தெரியும்."

"வேறு வழி இருக்கவில்லை."

"என்னிடம் கேட்டிருக்கலாம். என் அறை பன்னிரண்டு அடி தள்ளி." கணித ஆசிரியர், தூரம் சரியாகச் சொன்னார். பிறகு கோபமில்லாமல், பாடம் விளங்காத மாணவனுக்குச் சொல்வது போலச் சொன்னார்: "எங்கள் நாட்டில் மற்றவனுடைய தாளில் இருந்ததைச் சொன்னவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. பாதிப்பேர் அவனுடைய நன்மைக்காகத்தான் சொன்னார்கள்."

சின்னராசாவைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இவரிடம் அதைச் சொல்வது என்னை மன்னிக்கக் கேட்கும் இன்னொரு மனு. சொல்லவில்லை.

அவர் புறப்பட்ட நாள் பனி நன்றாகப் பெய்தது. இரண்டு பெட்டி. நான் கையுறை போட்டுக்கொண்டு ஒரு பெட்டியைத் தூக்கப் போனேன்.

"நீங்கள் வரவேண்டாம்" என்றார், அன்று தட்டை மறுத்த அதே மரியாதையோடு.

அந்தப் பெட்டியை லாஸ்லோ தூக்கினார். முறைப்பாட்டில் முதல் கையெழுத்துப் போட்டவர். நான் மாடிப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். இருவரும் பஸ் தரிப்பிடம் வரை முன்னும் பின்னுமாக நடந்தார்கள். பஸ் பிந்தியது. கிரிகோர் சிகரெட் பெட்டியை எடுத்தார், ஒன்றைத் தன் வாயில் வைத்தார், பெட்டியைப் பைக்குள் வைக்கப் போனார். பிறகு லாஸ்லோவிடம் நீட்டினார். லாஸ்லோ கையுறையைக் கழற்றி, ஒன்றை எடுத்துக்கொண்டார்.